கையடக்க கேம் கருவியில் வாசிக்க எதை வாங்கலாம்: கிட்டாரா, சிந்தசைசரா, கேம் பாயா?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுநாள் அக்கா மகள் போன் செய்தாள். "சித்தி, ட்ரெயின்ல வரும்போது உங்க நின்டெண்டோவுல கிட்டார் வாசிச்சீங்களே, அது மாதிரி எனக்கும் ஒண்ணு வேணும். அப்பா காசு தர்றேன்னு சொல்லியிருக்காங்க. எதை வாங்கறது?"

அவள் நன்றாகப் பாடுவாள். ஐந்தரைக் கட்டையில் குரல் பிசிறாமல் நிற்கும். கிட்டார் வகுப்புக்குப் போனதில்லை, வீட்டில் கீபோர்டும் இல்லை. இரண்டு அறை வீடு. தம்பி படிக்கும் நேரத்தில் சத்தம் கூடாது. பாடும்போது பின்னால் ஏதாவது ஒலிக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை.

அவளுக்காகக் குறித்து வைக்க ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனதால் முழுசாகவே எழுதிவிட்டேன். பல வருடங்களாக இந்தச் சின்னக் கருவிகளில் வாசித்து வருகிறேன். வாங்கப்போகிறவர்கள் பெரும்பாலும் எதில் ஒலி நன்றாக இருக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் இரண்டு கைகளும் அந்தக் கருவியில் என்ன செய்யப்போகின்றன என்பதை முதலில் பாருங்கள்.

வாத்தியமா, விளையாட்டா

இசை சம்பந்தப்பட்ட கேம் எல்லாமே வாத்தியம் ஆகிவிடாது. நின்டெண்டோ டிஎஸ் என்பது இரண்டு திரை கொண்ட கையடக்க கேம் கருவி. 2008ல் அதற்கு வந்த 'கிட்டார் ஹீரோ: ஆன் டூர்' நல்ல உதாரணம். டிஎஸ்ஸின் அடியில் பழைய கேம் பாய் அட்வான்ஸ் கருவியின் கேம் அட்டைக்கான ஒரு துளை உண்டு. அதில் நாலு வண்ணப் பட்டன்கள் கொண்ட ஒரு பிடியைச் செருகி, கையில் மாட்டிக்கொண்டு, தொடுதிரையில் மீட்ட வேண்டும். பார்க்க அச்சு அசல் வாத்தியம் போலவே இருக்கும். ஆனால் பாட்டு முன்கூட்டியே பதிவானது. திரையில் வரும் புள்ளிக்கேற்ப சரியான பட்டனைச் சரியான நேரத்தில் அழுத்தினால் கிட்டார் ஒலி கேட்கும், தவறினால் கேட்காது. உங்கள் விருப்பத்துக்கு ஒரு சுரத்தைக் கூட மாற்றி வாசிக்க வழியில்லை.

வாத்தியம் என்றால் தப்பாக வாசித்தால் தப்பான சுரம் கேட்க வேண்டும். என் அளவுகோல் அவ்வளவுதான். அதனால் தாளத்துக்குப் பட்டன் தட்டும் விளையாட்டுகள் எல்லாவற்றையும் இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். அவை மகிழ்ச்சியானவை, தாளக் கட்டுப்பாட்டுக்கு நல்ல பயிற்சியும் கூட. ஆனால் பாடுகிறவருக்குப் பக்கவாத்தியமாக அவற்றால் உட்கார முடியாது.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. 2004 டிசம்பரில் ஜப்பானில் டிஎஸ் வெளியான அன்றே கூட வந்த 'டைகாசோ! பேண்ட் பிரதர்ஸ்'. நாலைந்து பேர் ஆளுக்கொரு டிஎஸ்ஸோடு உட்கார்ந்து, ஒருவர் டிரம்ஸ், ஒருவர் பேஸ், இன்னொருவர் ட்ரம்பெட் என்று பிரித்துக்கொண்டு ஒரே பாட்டை வாசிக்கலாம். இதன் அடுத்த வடிவம் 2010ல் ஐரோப்பாவில் 'ஜாம் வித் த பேண்ட்' என்ற பெயரில் வந்தது. வீட்டில் மூன்று நான்கு பேரிடம் டிஎஸ் இருந்தால் இதைவிடச் சந்தோஷமான மாலைப் பொழுது கிடையாது. தனியாக வாசிப்பவருக்கு இது வேண்டாம்.

ஜாம் செஷன்ஸ்: பாடுகிறவரின் கிட்டார்

ட்ரெயினில் நான் வாசித்தது இதைத்தான். ஜப்பானில் பிளேட்டோ என்ற நிறுவனம் 2006ல் 'டிஎஸ் கிட்டார் எம்-06' என்று கொண்டுவந்தது. அதையே யூபிசாஃப்ட் 2007ல் 'ஜாம் செஷன்ஸ்' என்ற பெயரில் மேலை நாடுகளில் வெளியிட்டது.

டிஎஸ்ஸின் தொடுதிரை அழுத்தத்தை உணரும் பழைய வகை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு புள்ளியைத்தான் அதற்குத் தெரியும். இரண்டு விரலை வைத்தால் குழம்பிவிடும். அந்தத் திரையில் ஆறு தந்திகளை வரைந்து, விரல்களால் அழுத்தி வாசிக்கச் சொன்னால் ஒன்றும் நடக்காது. செய்தவர்கள் இந்தக் குறையை நன்றாகப் புரிந்துகொண்டு, வேலையை இரண்டு கைக்கும் பிரித்தார்கள். இடது கட்டைவிரல் திசைப் பட்டனில் இருக்கும். மேல், கீழ், இடம், வலம், நாலு மூலைகள் என்று எட்டு திசைக்கு எட்டு கார்ட். கார்ட் என்றால் பல சுரங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒலிப்பது. பாட்டுக்குப் பின்னால் கிட்டார்காரர் பிடிப்பது அதைத்தான். மேல் விளிம்பில் இருக்கும் இடது தோள் பட்டனை அழுத்திக்கொண்டால் இன்னொரு எட்டு வரும். ஆக, கைக்கெட்டும் தூரத்தில் பதினாறு கார்ட். வலது கையில் ஸ்டைலஸ் குச்சி. திரையில் ஒரே ஒரு தந்திதான் வரைந்திருக்கும். அதன் குறுக்கே குச்சியை இழுத்தால், எந்தத் திசையை அழுத்தியிருக்கிறீர்களோ அந்தக் கார்ட் ஒலிக்கும்.

யோசித்துப் பார்த்தால் உண்மையான கிட்டாரிலும் கைகளுக்கு இதே வேலைதான். இடது கை எதை என்று முடிவு செய்கிறது, வலது கை எப்போது என்று முடிவு செய்கிறது. அந்த 'எப்போது' முழுக்க உங்கள் கையில் இருப்பதால் இது வாத்தியமாகிறது. தயங்கினால் பாட்டும் தயங்கும். வேகமாக இழுத்தால் உங்களோடு ஓடிவரும்.

பாடுகிறவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. அக்கா மகளுக்கு ஐந்தரைக் கட்டை, அதாவது ஜி ஷார்ப். அந்தச் சுருதியில் ஒரு சாதாரண சினிமாப் பாட்டுக்கு ஜி ஷார்ப், சி ஷார்ப், டி ஷார்ப் ஆகிய மூன்று மேஜர் கார்ட்களும் எஃப் மைனரும் வேண்டியிருக்கும். நிஜ கிட்டாரில் இந்த நாலுக்கும் பொதுவாக ஆள்காட்டி விரலைத் தந்திகளின் குறுக்கே படுக்க வைத்து அழுத்த வேண்டும். புதிதாகக் கற்கிறவர்கள் கிட்டாரைத் தூக்கி மூலையில் வைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கிட்டாரின் கழுத்தில் கேப்போ என்ற, தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்பை மாட்டி எளிய பிடிகளில் வாசிக்கலாம் என்பது உண்மை, ஆனால் அதுவும் விரல் பழகிய பிறகுதான். ஜாம் செஷன்ஸில் ஜி ஷார்ப்பும் ஒரே அழுத்து, ஜியும் ஒரே அழுத்து. நூற்றுக்கும் மேற்பட்ட கார்ட்களிலிருந்து உங்களுக்கு வேண்டியதைப் பொறுக்கி எந்தத் திசையிலும் வைத்துக்கொள்ளலாம். கிட்டார் தெரிந்தவரின் விரல் வசதிக்காகப் பாடகர் தன் சுருதியை ஏற்றி இறக்குவதை எத்தனையோ வீட்டு விசேஷங்களில் பார்த்திருக்கிறேன். இங்கே குரல் இருக்கிற இடத்துக்கு வாத்தியம் வருகிறது.

ஒரு சின்ன யோசனை. மூலைத் திசைகள் எளிதில் தப்பும். மேலே போகிற கட்டைவிரல் கொஞ்சம் சரிந்தால் வேறு கார்ட் விழுந்துவிடும். அதனால் பாட்டில் அதிகம் வரும் நாலு கார்ட்களையும் நேர்த் திசைகளில் வையுங்கள். எப்போதாவது வருவதை மூலைக்கு அனுப்புங்கள். நான் எப்போதும் சட்ஜமத்தில் நிற்கும் கார்டைக் கீழே வைப்பேன். பாட்டு வீடு திரும்பும்போது கட்டைவிரலும் கீழே இறங்கி ஓய்வெடுக்கும்.

குறை என்ன? தனித்தனியாகச் சுரம் எடுத்து ஒரு மெட்டை வாசிக்க இது உதவாது. பாட்டின் இடையில் வரும் கிட்டார் துணுக்கை இதில் கொண்டுவர முடியாது. கார்ட்தான் இதன் உலகம். பாடாமல் இதை மட்டும் வாசித்தால் பத்து நிமிடத்தில் சலிப்பு வரலாம். கூடவே வரும் பயிற்சிப் பாடல்கள் எல்லாம் ஆங்கிலப் பாடல்கள் என்பதால் நம் பாட்டுக்கான கார்ட்களை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படித் தேடுவது நல்ல காதுப் பயிற்சி என்பதால் எனக்கு அது குறையாகவே படவில்லை.

கோர்க் டிஎஸ்-10: ஒலியைச் செதுக்குகிறவருக்கு

2008ல் வந்த இதை முதலில் திறந்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரை முழுக்கக் குமிழ்கள், கம்பிகள், கட்டங்கள். மூன்றாவது நாளில் விடமுடியாமல் போனது.

கோர்க் என்ற ஜப்பானிய வாத்திய நிறுவனம் 1978ல் எம்எஸ்-10 என்று ஒரு அனலாக் சிந்தசைசர் செய்தது. குமிழ்களைத் திருகியும், ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்குக் கம்பி மாட்டியும் ஒலியை உருவாக்கும் கருவி அது. அதன் போக்கை ஒரு டிஎஸ் அட்டைக்குள் கொண்டுவந்ததுதான் டிஎஸ்-10. 'ரிட்ஜ் ரேசர்', 'டெக்கன்' கேம்களின் இசையில் பங்குள்ள நொபுயோஷி சானோ இதை உருவாக்கியவர்களில் ஒருவர். இரண்டு சிந்தசைசர்கள், நாலு டிரம் ஒலிகள், ஒரு சீக்வென்சர். சீக்வென்சர் என்றால் பதினாறு கட்டங்கள் கொண்ட வரிசை. எந்தக் கட்டத்தில் எந்தச் சுரம் என்று புள்ளி வைத்துவிட்டால் அது திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பாட்டுக்கு இப்படிப் பதினாறு வரிசைகள் வரை செய்து வைத்து, மாற்றி மாற்றி ஓடவிடலாம்.

டிரம் ஒலிகளும் இதில் தயாராக வருவதில்லை. அவற்றையும் அதே சிந்தசைசர் முறையில் நீங்களே உருவாக்க வேண்டும். ஒரு ஒலியை எடுத்து, அதன் சுரம் சட்டென்று கீழே விழும்படி செய்தால் அடிப்பறை போல ஒலிக்கும். வெறும் இரைச்சலை எடுத்து உடனே அணைத்தால் ஜால்ரா கிடைக்கும். ஒலி என்பது எதனால் ஆனது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை, இந்த அட்டைதான். இதை நன்றியோடு சொல்கிறேன்.

கைகளின் வேலை இங்கே வேறு மாதிரி. திரையில் ஒரு பியானோ வரிசை தெரியும், குச்சியால் தொட்டு வாசிக்கலாம். ஒற்றைப் புள்ளித் திரை என்பதால் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். அந்தச் சிந்தசைசரும் ஒற்றைச் சுரக் கருவி என்பதால் அது உறுத்துவதில்லை. இன்னொரு வழி இன்னும் சுகமானது. திரை முழுவதும் ஒரு வெற்றுக் கட்டமாகிவிடும். குச்சியை இடம் வலமாக நகர்த்தினால் ஒன்று மாறும், மேல் கீழாக நகர்த்தினால் இன்னொன்று மாறும். பின்னணி ஓடிக்கொண்டிருக்க, அந்தக் கட்டத்தில் ஒலியின் கூர்மையை விரல் நுனியில் திறந்து மூடுவது ஒரு தனி அனுபவம்.

அப்புறம், ஒன்றுக்கு மேற்பட்ட டிஎஸ்களைக் கம்பியில்லாமல் இணைத்து எல்லாவற்றையும் ஒரே தாளத்தில் ஓடவிடலாம். 2009ல் வந்த டிஎஸ்-10 பிளஸ்ஸை, டிஎஸ்ஸின் பிந்தைய வடிவமான டிஎஸ்ஐயில் போட்டால் ஒரே கருவியில் இரண்டு டிஎஸ்-10 இருப்பது போல நாலு சிந்தசைசர், எட்டு டிரம் ஆகிவிடும். இரண்டில் ஒன்று கிடைக்கிறது என்றால் பிளஸ்ஸையே எடுங்கள்.

ஆனால் பாடுகிறவருக்கு இது துணையா? பாதிதான். சீக்வென்சர் உங்களுக்காகக் காத்திருக்காது. நீங்கள் ஒரு வரியில் நின்று இழுத்துப் பாட நினைத்தால் அது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பின்னணியை முதலில் செய்துவைத்து, அதன் தாளத்துக்குள் பாடும் பழக்கம் உள்ளவருக்கு இது பொருந்தும்.

கேம் பாயும் அதன் நாலு சேனலும்

1989ல் வந்த முதல் கேம் பாயில் ஒலிக்கு நாலு சேனல்தான், அதாவது ஒரே நேரத்தில் நாலு ஒலிகள்தான். இரண்டு சதுர அலை, நீங்களே வரைந்து கொடுக்கக்கூடிய ஒரு சிறு அலை, ஒரு இரைச்சல். இதை வைத்துக்கொண்டு ஜெர்மனியின் ஆலிவர் விட்ச்சோ 1998ல் 'நானோலூப்' எழுதினார். ஸ்வீடனின் யோஹான் கொட்லின்ஸ்கி 2000த்தில் 'லிட்டில் சவுண்ட் டிஜே' எழுதினார். சிப்ட்யூன் என்று, பழைய கேம் கருவிகளின் ஒலியில் செய்து உலகமெங்கும் மேடையேறும் இசைவகை பரவியதில் இந்த இரண்டு மென்பொருள்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

லிட்டில் சவுண்ட் டிஜேயில் நீங்கள் வாசிப்பதில்லை, எழுதுகிறீர்கள். திரையில் எண்களும் எழுத்துகளும் செங்குத்தாக ஓடும் அட்டவணை. ஒவ்வொரு வரியிலும் என்ன சுரம், என்ன ஒலி, என்ன வித்தை என்று நிரப்ப வேண்டும். எண்கள் பதினாறின் அடிப்படையில் எழுதப்பட்டவை. ஒன்பதுக்கு அப்புறம் ஏ, பி, சி என்று போகும். பழகியவர் கட்டைவிரல் பறப்பதைப் பார்க்க வேண்டும்! நாலு சேனலை வைத்து அவர்கள் ஒரு முழு இசைக்குழுவையே எழுப்புவார்கள். ஒரே சேனலில் மூன்று சுரங்களை மிக வேகமாக மாற்றி மாற்றி ஒலித்தால் காதுக்கு அது ஒரு கார்டாகக் கேட்கும். இப்படித் தட்டுப்பாட்டிலிருந்து பிறந்த உத்திகள்தான் இந்த இசையின் அழகு.

பொறுமையும் கணக்கில் விருப்பமும் உள்ளவருக்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பாடிக்கொண்டே மீட்ட நினைக்கும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு இதை முதல் கருவியாக வாங்கித் தரமாட்டேன்.

ஸ்விட்ச்

கடையில் புதிதாக வாங்க வேண்டும் என்றால் நின்டெண்டோவின் ஸ்விட்ச்தான். 2018 ஏப்ரலில் 'கோர்க் கேஜெட்' இதற்கு வந்தது. டிஎஸ்-10 குழுவில் இருந்த சானோவின் டிட்யூன் நிறுவனம் செய்தது. பதினாறு வகை வாத்தியங்கள், டிவியில் மாட்டி நாலு பேர் வரை ஒரே பாட்டில் சேர்ந்து வேலை செய்யும் வசதி. திரையும் பல விரல்களை உணரும் வகை. ஒலித் தரத்தில் டிஎஸ்ஸோடு ஒப்பிடவே முடியாது, அவ்வளவு நிறைவானது. ஆனால் இதுவும் அடிப்படையில் கட்டங்களை நிரப்பிப் பாட்டுக் கட்டுகிற மேசைதான். கையில் எடுத்தவுடன் ஒரு பாட்டுக்கு மீட்ட அல்ல, உட்கார்ந்து ஒரு பாட்டை உருவாக்க.

அதே மாதத்தில் வந்த நின்டெண்டோ லேபோவின் அட்டைப் பியானோவையும் சொல்ல வேண்டும். நாமே மடித்துச் செய்யும் அட்டைப் பெட்டி. பதின்மூன்று கட்டைகள், ஒவ்வொன்றின் பின்புறமும் ஒளியைத் திருப்பும் ஒட்டு. எந்தக் கட்டை அசைகிறது என்பதை ஸ்விட்ச்சின் கழற்றக்கூடிய வலது கைப்பிடியான ஜாய்-கானின் அகச்சிவப்புக் கேமரா உள்ளிருந்து பார்த்து ஒலியெழுப்பும். பூனைக் குரலில் கூட வாசிக்கலாம். பதின்மூன்று கட்டை என்றால் கீழ்ச் சட்ஜமத்திலிருந்து மேல்ச் சட்ஜமம் வரை ஒரு முழு ஸ்தாயி. சரளி வரிசை முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். எட்டு வயதுக் குழந்தையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்க இதைவிட நல்லது தெரியவில்லை. அட்டை என்பதால் கடலோர ஊர்களில் காற்றுப்படாத அலமாரியில் வையுங்கள்.

டிஎஸ்ஸுக்கு அடுத்து வந்த 3டிஎஸ்ஸுக்குக் கோர்க் எம்01டி, டிஎஸ்என்-12 என்று இரண்டு அருமையான கருவிகள் இருந்தன. இரண்டும் இணையக் கடையில் மட்டும் விற்றவை. 2023 மார்ச் 27ஆம் தேதியோடு அந்தக் கடையில் விற்பனை நின்றுவிட்டது. ஏற்கெனவே வாங்கி வைத்தவர்களுக்கு மட்டுமே இப்போது அவை. யாராவது அவற்றைப் புகழ்ந்து எழுதியதைப் படித்துவிட்டு 3டிஎஸ் வாங்கிவிடாதீர்கள்.

நம் சங்கீதத்துக்கு உதவுமா

இதை அவளும் கேட்டாள். பாட்டு வகுப்பில் வர்ணம் வரை போயிருக்கிறாள்.

கர்நாடக சங்கீதத்தில் சுரம் ஒரு இடத்தில் நிற்பதில்லை. பக்கத்துச் சுரங்களைத் தொட்டு அசைந்து வருவதுதான் கமகம், அதுதான் ராகத்தின் முகம். ஜாம் செஷன்ஸின் கார்ட்களிலும் லேபோவின் கட்டைகளிலும் அந்த அசைவுக்கு இடமில்லை. டிஎஸ்-10ல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்ல ஒரு குமிழ் இருக்கிறது. ஒற்றைச் சுரக் கருவி என்பதால் கேட்க ஓரளவு நம் பாணிக்கு நெருங்கி வரும். ஆனால் வழுக்கும் வேகம் ஒன்றுதான். தோடியின் காந்தாரத்தை அதில் பிடிக்க முயன்று ஒரு மழைக்காலம் முழுக்கச் செலவழித்திருக்கிறேன், வரவில்லை. சுருதிக்கு ஒரு சட்ஜம பஞ்சமம் ஓடவிட டிஎஸ்-10 போதும். அதற்கு ஒரு சாதாரண சுருதிப் பெட்டியும் போதும். ஆக, இந்தக் கருவிகளைக் கார்ட் வைத்துப் பாடும் மெல்லிசைக்கும் சினிமாப் பாட்டுக்கும் சொந்தமாக ஒலி கட்டுவதற்கும் எடுத்துக்கொள்ளுங்கள். ராகம் கற்க இவை வேண்டாம்.

போனிலேயே செய்யலாமே, நிஜ கிட்டாரே வாங்கலாமே

அக்காவின் கேள்வி இது. நியாயமான கேள்வி.

வீட்டில் ஐபேட் இருந்தால் 'கராஜ்பேண்ட்' செயலியில் உள்ள ஸ்மார்ட் கிட்டார் கிட்டத்தட்ட ஜாம் செஷன்ஸின் வேலையைச் செய்யும். திரையில் கார்ட் பட்டைகள் இருக்கும், தடவினால் ஒலிக்கும். தனியாகக் காசு செலவில்லை. ஆனால் கண்ணாடித் திரையில் விரலுக்கு எதுவும் தெரியாது. அடுத்த பட்டை எங்கே என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். திசைப் பட்டனைக் கட்டைவிரல் பார்க்காமலே அறியும். பாடும்போது கண்ணை மூடிக்கொள்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரியது. இன்னொன்று, பாட்டின் நடுவில் டிஎஸ்ஸுக்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள்.

நிஜ கிட்டாருக்கு இது மாற்று இல்லை. ஒரு வருடம் பழகத் தயார், இடமும் இருக்கிறது, சத்தத்துக்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்றால் கிட்டாரே வாங்குங்கள். தந்தி விரலில் பதியும் வலியும் அது தரும் கட்டுப்பாடும் எந்தத் திரையிலும் கிடைக்காது. ஆனால் ஜாம் செஷன்ஸில் ஆறு மாதம் வாசித்தவர் கிட்டாருக்குப் போகும்போது, எந்தக் கார்டுக்கு அப்புறம் எது வரும் என்பது காதில் ஏறியிருக்கும். மீட்டும் கை தாளத்தில் நிற்கும். விரல் மட்டும்தான் பாக்கி.

வாங்குவதற்கு முன்

டிஎஸ், டிஎஸ் லைட், டிஎஸ்ஐ, 3டிஎஸ், 2டிஎஸ் எல்லாமே ஜாம் செஷன்ஸையும் டிஎஸ்-10ஐயும் ஓட்டும். டிஎஸ் அட்டைகளுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது என்பதால் ஜப்பானிய எம்-06 அட்டை மலிவாகக் கிடைத்தாலும் வேலை செய்யும். மெனு மட்டும் ஜப்பானிய மொழியில் இருக்கும். கிட்டார் ஹீரோவின் பிடி டிஎஸ்ஐயிலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் பொருந்தாது, அந்தத் துளையையே எடுத்துவிட்டார்கள்.

எல்லாமே பழைய சரக்குதான், அதனால் நேரில் பார்த்து வாங்குங்கள். திரையின் நாலு மூலையிலும் குச்சியால் கோடு இழுத்துப் பாருங்கள். கோடு தள்ளிப்போனால் அமைப்பில் போய்த் திரையைச் சரிசெய்து மறுபடி பாருங்கள், அப்போதும் தள்ளினால் வேண்டாம். திசைப் பட்டனை எட்டுப் பக்கமும் அழுத்துங்கள். தோள் பட்டன்தான் டிஎஸ் லைட்டில் முதலில் சாகும், ஜாம் செஷன்ஸின் பாதிக் கார்ட்கள் இடது தோள் பட்டனில் இருக்கின்றன. நான் ஒரு முறை அவசரத்தில் அதைப் பார்க்காமல் வாங்கி வந்து, எட்டுக் கார்டோடு நாலு மாதம் ஓட்டினேன். கீலையும் மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள், விரிசல் இருந்தால் தெரியும்.

ஹெட்போன் கம்பி உள்ளதாகவே இருக்கட்டும். ஸ்விட்ச்சில் 2021 செப்டம்பர் முதல் ப்ளூடூத் ஹெட்போன் இணைக்கலாம், ஆனால் விரல் பட்டபின் ஒலி வரச் சிறு தாமதம் இருக்கும். படம் பார்க்க அது பரவாயில்லை. வாசிக்கும்போது தாளம் கையை விட்டு நழுவும். டிஎஸ்ஸிலும் ஸ்விட்ச்சிலும் சாதாரண மூன்றரை மில்லிமீட்டர் துளை இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பியை ஸ்பீக்கருக்கோ ஆம்பிளிஃபயருக்கோ கொண்டுபோனால் ஒரு கூடம் நிறையக் கேட்கும்.

இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். அவளுக்கு நான் சொன்னது பழைய டிஎஸ் லைட் ஒன்றும் ஜாம் செஷன்ஸும். மிச்சம் பணம் இருந்தால் டிஎஸ்-10 அட்டையையும் வாங்கி ஆறு மாதம் கழித்துத் திறக்கச் சொன்னேன். அவள் தம்பிக்கு லேபோ பிடிக்கும், ஆனால் அதற்கு ஸ்விட்ச் வேண்டும். அது அவன் முறை வரும்போது பார்க்கலாம்.

போன வாரம் பேசினாள். கீழே ஜி ஷார்ப், வலப்பக்கம் சி ஷார்ப், மேலே டி ஷார்ப், இடப்பக்கம் எஃப் மைனர் வைத்திருக்கிறாளாம். "சித்தி, அஞ்சாவதா ஒரு கார்ட் எங்கேயோ இடிக்குது, சரணத்துக்கு முன்னாடி வருது, என்னன்னு தெரியலை." பாடிக் காட்டினாள். பி ஃப்ளாட் மைனரை முயன்று பார், வலது கீழ் மூலையில் வை என்றேன். போனைக் கீழே வைத்துவிட்டு வாசித்தாள். இடிக்கவில்லை.